லங்காவியில் முதல் மூன்று நாள்: அம்மாவோடும் பிள்ளைகளோடும் போகிறவருக்கு

கும்பகோணத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஏப்ரல் கடைசியில் பள்ளி விடுமுறை விட்டதும் நீங்கள், மனைவி, 10 வயதுப் பையன், 5 வயதுப் பெண், 67 வயது அம்மா என்று ஐந்து பேராக மலேசியாவின் லங்காவித் தீவில் ஐந்து இரவு. திருச்சியில் ராத்திரி விமானம், விடிகாலை கோலாலம்பூர், மதியம் தீவு. இறங்கிய அன்றே மூன்று மணிக்குத் தீவு சுற்றும் படகு, மறுநாள் காலை அலையாத்திக் காடு, மாலை கேபிள் கார் என்று ஏஜென்ட் போட்டுக் கொடுத்த அட்டவணை சரிதானா, இன்னும் எதைச் சேர்க்கலாம் என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில், அம்மா நாகப்பட்டினத்துக்காரர், 2004க்குப் பிறகு கடற்கரைப் பக்கமே போனதில்லை, அதனால் ஏதும் சிக்கல் வருமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணுக்கு அந்தக் கடைசி வரிதான் கேள்வி. மற்றது அட்டவணை, ஏஜென்டுக்கு ஒரு போன் போட்டால் மாறிவிடும்.

நான் முத்துப்பேட்டைப் பக்கத்துக்காரன். 12 வருடம் லங்காவியில் இருந்தேன். முதல் நான்கு வருடம் படகில் கயிறு பிடிக்கிற வேலை, அப்புறம் கிலிம் ஆற்றில் வருகிறவர்களுக்கு அந்த அலையாத்திக் காட்டைக் காட்டுகிற வேலை. இப்போது ஊரில் நெல்லும் உளுந்துமாகப் பொழுது போகிறது. அதனால் கடல், படகு, காடு, வெயில் பற்றி நான் சொல்வதை நம்பலாம். மருந்து மாத்திரை விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் பேச்சு. விலை எதுவும் சொல்லப் போவதில்லை, நான் திரும்பி வந்து ஐந்து வருடமாகிறது, என் கணக்கு பழைய கணக்கு.

முதலில் அந்த மூன்று மணிப் படகை எடுத்துவிடுங்கள். மலேசியக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது, ஆனால் சூரியன் அவ்வளவு முன்னே ஓடுவதில்லை. லங்காவி அந்த நாட்டின் மேற்கு ஓரத்தில் இருப்பதால் அங்கே உச்சிப் பொழுது 12 மணிக்கு வராது, ஏப்ரல் கடைசியில் 1:20 வாக்கில்தான் வரும். காலை ஏழு மணி தாண்டித்தான் விடியும், மாலை ஏழரை வாக்கில்தான் சூரியன் அடையும். கடிகாரத்தைப் பார்த்து "மூணு மணி ஆச்சு, வெயில் தாழ்ந்திருக்கும்" என்று கிளம்பினால் நீங்கள் நிற்பது நம்மூர் இரண்டு மணி வெயிலில். அதுவும் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே நிற்கிற மாதம், திறந்த படகு, தண்ணீரிலிருந்து எதிரடிக்கிற வெளிச்சம், ராத்திரி தூங்காத பிள்ளைகள். "நாங்க வயல்ல நிக்கிறவங்க, வெயில் எங்களை என்ன பண்ணும்" என்று சொன்ன எத்தனையோ தஞ்சாவூர்க்காரர்களை மறுநாள் காலையில் தோள்பட்டை சிவந்து, சட்டை போட முடியாமல் பார்த்திருக்கிறேன். வயலில் நிற்கும்போது தலையில் துண்டு இருக்கும், உடம்பில் சட்டை இருக்கும், பதினொரு மணிக்குக் கரையேறிவிடுவோம். கடலில் இது ஒன்றும் இருக்காது, காற்று குளிர்ச்சியாக அடிப்பதால் சுடுவதும் தெரியாது. முதல் நாள் தோல் வெந்த பிள்ளைக்கு மிச்ச நான்கு நாளும் அறைக்குள்தான்.

ஆகவே இறங்கிய அன்று தூக்கம், சாப்பாடு, அதற்கப்புறம் ஐந்தரை மணிக்கு மேல் கால் நனைக்கிற தூரத்துக்கு ஒரு நடை. இவ்வளவுதான். சூரியன் அடைய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும், அதுவே அந்தத் தீவின் நல்ல நேரம். மறுநாள் பிள்ளைகள் காலை எட்டரைக்கு முன் எழுந்திருக்க மாட்டார்கள், அவர்கள் உடம்புக்கு அது ஆறு மணி. எழுப்பாதீர்கள். "காசு கொடுத்து வந்துட்டு தூங்குறதா" என்று ஒரு பெரியவர் என்னிடமே சண்டைக்கு வந்தார். அவருடைய பேரன் மூன்றாம் நாள் காய்ச்சலில் படுத்தபோது அவரேதான் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்க என்னோடு வந்தார்.

இப்போது அம்மா விஷயம். நாகப்பட்டினம் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர் வித்தியாசம்கூட இருக்காது. அதனால் நம் பக்கத்துக் கரைக்காரர்களுக்குக் கடல் ஏறும் வற்றும் என்று தெரியுமே தவிர, கண்ணுக்கு அது பெரிதாகப் படாது. லங்காவியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இரண்டு மீட்டருக்கு மேலேயே ஏறி இறங்கும். கரையோ தாம்பாளம் மாதிரித் தட்டை. காலையில் பாறை வரை தண்ணீர் நின்ற இடத்தில் மதியம் பார்த்தால் நீண்ட மணல் கிடக்கும், படகு தரைதட்டிக் கிடக்கும், கடல் எங்கேயோ தள்ளிப் போயிருக்கும். பிள்ளைகளுக்கு அது திருவிழா. 2004 டிசம்பர் 26ஐ நாகையில் பார்த்தவருக்கு?

ஒரு தடவை வேளாங்கண்ணிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. சாயங்காலம் சேனாங் கடற்கரையில் நான் அவர்களை மறுநாள் படகுக்குப் பேசி முடித்துவிட்டு நின்றுகொண்டிருக்கிறேன். அறையில் தூங்கி எழுந்த பாட்டி வெளியே வந்து பார்த்திருக்கிறார். மதியம் பார்த்த கடல் அங்கே இல்லை. அவ்வளவுதான், "கடல் உள்வாங்கிடுச்சு, ஓடுங்க" என்று கத்திக்கொண்டு இரண்டு பேரப்பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். செருப்பு இல்லை, முழங்காலில் அடி. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், மருமகள் மானம் போகிறதே என்று கடிந்துகொண்டாள். அப்புறம் அந்த அம்மா ஊருக்குக் கிளம்புகிற வரை அறையைவிட்டு வெளியே வரவில்லை. அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை, தெரிந்த பாடத்தைத்தான் செய்தார். தப்பு எங்களுடையது. ஊரும் தெரியும், அந்த வயசுக்காரர்கள் பார்த்ததும் தெரியும், நானும் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு நாகை, காரைக்கால் பக்கத்து ஆட்கள் என்று தெரிந்தால் பெரியவர்களிடம் முதல் பேச்சே இதுதான்.

உங்கள் அம்மாவிடம் விமானம் ஏறுவதற்கு முன்பே, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லுங்கள். அங்கே கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும், ஒவ்வொரு முறையும் ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டு மெதுவாக இறங்கும், மறுநாள் அதே ஏற்றம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும். ஓட்டல் வரவேற்பில் அன்றைய ஏற்ற வற்ற நேரத்தைக் கேட்டு ஒரு தாளில் எழுதி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். "இப்ப மணி மூணு, இன்னும் ஒரு மணி நேரம் இறங்கும், அப்புறம் ஏறும்" என்று அவரே பிள்ளைகளுக்குச் சொல்ல ஆரம்பித்தால் பாதி பயம் கழன்றுவிடும், இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பாதி என்றுதான் சொல்கிறேன். மிச்சம் போகுமா என்பது அவரவர் பட்டதைப் பொறுத்தது, அதில் எனக்குப் படிப்பு கிடையாது.

அவர் கேட்டால் பொய் சொல்லாதீர்கள், "அங்கெல்லாம் சுனாமி வராது" என்று சொல்ல வேண்டாம். 2004இல் அன்றைக்கு லங்காவியிலும் அலை வந்தது, வீடுகளும் படகுகளும் சேதமாயின. மலேசியாவில் உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் பினாங்குக்காரர்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் போனதோடு ஒப்பிட்டால் அது சிறிய கணக்கு, ஆனால் வந்தது. நிலம் நீண்ட நேரம் பலமாக ஆடினாலோ, நேரக்கணக்குக்குச் சம்பந்தமில்லாமல் சில நிமிடத்துக்குள் கடல் சட்டென்று இறங்கினாலோ யாரையும் கேட்காமல் மேட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த வேளாங்கண்ணிப் பாட்டி செய்ததை அப்படியே செய்யலாம். இதையும் அம்மாவிடம் சொல்லுங்கள், வீட்டிலேயே இந்த விஷயம் நன்றாகத் தெரிந்தவர் அவர்தான் என்பது அவருக்கும் தெரியட்டும்.

தண்ணீரில் இறங்குவது பற்றி. நீங்கள் எழுதியதில் "பையன் காவிரியில் நன்றாக நீந்துவான்" என்று ஒரு வரி இருக்கிறது, அதைப் படித்ததும்தான் எனக்குக் கொஞ்சம் கவலை வந்தது. ஆற்று நீச்சல்காரனுக்கு இழுப்பு ஒரு பக்கம்தான், கரை இரண்டு பக்கமும் தெரியும். கடலில் கரையிலிருந்து உள்ளே இழுக்கிற ஓட்டம் ஒன்று உண்டு. அலை உடையாமல் கொஞ்சம் அமைதியாகத் தெரிகிற வாய்க்கால் மாதிரியான இடத்தில்தான் பெரும்பாலும் அது இருக்கும். நம்மாள் நல்ல இடம் என்று அங்கேதான் இறங்குவான். மாட்டினால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது, களைத்துப் போய்விடும். மிதந்துகொண்டே பக்கவாட்டில், கரைக்கு இணையாக நகர்ந்து, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். பையனுக்கு இதை மணலில் கோடு போட்டுக் காட்டுங்கள். சிவப்புக் கொடி நட்டிருந்தால் பேச்சே இல்லை. சேனாங்கில் நீர் ஸ்கூட்டர்களும் பாராசூட் இழுக்கும் படகுகளும் கரையை ஒட்டியே ஓடும், அதனால் சின்னவளைக் கை எட்டுகிற தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மிதவை வளையம் போட்டிருக்கிறாள் என்று திரும்பி நின்று போட்டோ எடுப்பது வேண்டாம், கரைக்காற்றுக்கு அந்த வளையம்தான் முதலில் உள்ளே போகும்.

அடுத்தது சொறி. நம்மூர் மீன்காரர்கள் சொறி என்று சொல்கிற அதே ஜெல்லி மீன்தான், ஆனால் அந்தக் கடலில் பெட்டி வடிவச் சொறியும் உண்டு. தண்ணீர் நிறத்திலேயே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. இது ஆளையே கொல்லக்கூடியது. தினமும் யாருக்கோ படுகிறது என்று நினைத்துவிடாதீர்கள், என் 12 வருடத்தில் நான் பார்த்தவை பெரும்பாலும் எரிச்சலும் தடிப்புமாகப் போனவைதான். முழுக்கை, முழுக்கால் நீச்சலுடை போட்டுவிட்டால் வெயிலுக்கும் ஆச்சு, சொறிக்கும் ஆச்சு. பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது, மணல் போடக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது, சிறுநீர் வைத்தியம் சுத்தப் பொய். வினிகரை அரை நிமிடமாவது தாராளமாக ஊற்றி, ஒட்டியிருக்கிற இழைகளை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எல்லா வகைச் சொறிக்கும் வினிகர் நல்லதா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை, ஆனால் பெட்டிச் சொறி இருக்கிற கடலில் அதுதான் முதல் வேலை. மூச்சு முட்டினால், நெஞ்சு அடைத்தால், ஆள் துவண்டால் உடனே 999. கடைத்தெருவில் ஒரு வினிகர் பாட்டில் முதல் நாளே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கட்டும்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். சேனாங் சாலையிலேயே இந்தியக் கடைகள் இருக்கின்றன, ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும் உங்கள் பிள்ளைகளுக்கு முதல் நாளே பிடித்துவிடும். அங்கே தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்பார்கள், "பசியாறியாச்சா" என்றால் காலை டிபன் ஆயிற்றா என்று அர்த்தம். அம்மா சைவமா என்று நீங்கள் எழுதவில்லை. சைவமென்றால் ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: வெறும் கீரை வதக்கல் என்று வருவதில்கூட பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும், நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றோடு வருகிற சம்பலில் நெத்திலியோ அந்த விழுதோ இருக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும். குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம்.

இரண்டாம் நாள் காலையில் தூரமாக எங்கும் போகாமல் பிள்ளைகளோடு கடற்கரையிலேயே இருந்துவிட்டு, கிலிம் காட்டை மூன்றாம் நாளுக்கு வையுங்கள். எத்தனை மணிக்கு என்பதை ஏஜென்டிடம் கேட்காதீர்கள், அம்மா கையில் இருக்கிற அந்தத் தாளைப் பாருங்கள். தண்ணீர் வற்றி வருகிற நேரமாகப் பார்த்துப் போனால்தான் சேறு தெரியும், சேற்றில்தான் எல்லாம் இருக்கிறது: ஒரு கை மட்டும் பெரிதாக வைத்துக்கொண்டு ஆட்டுகிற நண்டு, துடுப்பை ஊன்றித் தத்திப் போகிற மீன். முதலைக் குகை என்று ஒரு குகைக்குள் படகிலேயே நுழைந்து வெளியே வரலாம், தண்ணீர் ஏறி நிற்கும்போது அதில் படகு போகாது. (முதலையைத் தேட வேண்டாம், பெயர்தான்.) பெரிய கூட்டத்தோடு ஏற்றுகிற படகு வேண்டாம், உங்கள் ஐந்து பேருக்குத் தனிப் படகு பேசுங்கள், ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை இருக்கிறதா, சின்னவள் அளவுக்கு இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன் பாருங்கள். பெரியவர் சட்டையை இறுக்கிக் கட்டிவிட்டால் போதும் என்று படகுக்காரர் சொல்வார், போதாது, கழன்று தலைக்கு மேல் வந்துவிடும்.

கிலிமில் நுழைந்ததும் உங்களுக்கு ஊர் ஞாபகம் வரும். முத்துப்பேட்டையில் இருப்பது பெரும்பாலும் வெண்கண்டல், பென்சில் நட்டு வைத்தது போல் வேர் மூச்சுவிட மேலே நிற்கும். கிலிமில் சுரபுன்னை வகைதான் அதிகம், பிச்சாவரத்தில் பார்த்திருப்பீர்களே, முட்டுக்கால் கொடுத்து நிற்கிற வேர். தில்லை மரமும் இருக்கிறது, சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த அதே தில்லை. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று நம்மூரில் சொல்வோம் இல்லையா, மலாய்க்காரர்கள் அதை "பூத்தா பூத்தா" என்கிறார்கள், பூத்தா என்றால் குருடு. அம்மாவுக்கு இதைக் காட்டுங்கள். இன்னொன்று, அந்தத் தீவு இருக்கிற கெடா மாநிலம்தான் நம் கல்வெட்டுகளில் வருகிற கடாரம், ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கப்பல் அனுப்பி வென்றது. பையனுக்குச் சொல்லலாம், அவன் கேட்டால்.

கிலிமில் செம்பருந்துகள் கூட்டமாக வரும். உங்கள் அம்மா பார்த்ததும் கருட தரிசனம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். சில படகுக்காரர்கள் கோழித்தோலை ஆற்றில் கொட்டி அவற்றை வரவழைப்பார்கள். நானும் முதல் இரண்டு வருடம் அதைச் செய்தவன்தான், பிறகு நிறுத்திவிட்டேன். மீனும் நண்டும் பிடித்துத் தின்கிற பறவைக்குக் கொழுப்புத் தோல் ஆகாது, குஞ்சும் வேட்டையாடக் கற்றுக்கொள்ளாது. தோல் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், மரத்தில் உட்கார்ந்திருக்கிற பருந்தே போதும். குரங்குகளுக்கும் அப்படித்தான். கையில் பாலித்தீன் பை சலசலத்தால் அவை நேரே பிள்ளைகளிடம் வரும். பிராண்டினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

கேபிள் காரை நான்காம் நாள் காலை முதல் ஆளாகப் போய் முடித்துவிடுங்கள். ஏப்ரல் கடைசியில் மதியத்துக்கு மேல் இடியோடு மழை வருவது வழக்கம், காற்றோ மின்னலோ இருந்தால் நிறுத்திவிடுவார்கள். மேலே 125 மீட்டர் நீளத்தில் வளைந்து நிற்கிற பாலம், கீழே 50 கோடி வருடத்துக்கும் பழைய மணற்பாறை மலை. ஏறுவது செங்குத்து, அம்மாவுக்குத் தலைசுற்றல் இருந்தால் கட்டாயப்படுத்தாதீர்கள். தீவு சுற்றும் படகைக் கடைசி நாளுக்கு வையுங்கள், அலை அதிகமென்றால் போகாமலே விடுங்கள்.

விசா விஷயம் சுருக்கமாக: இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள் வரை விசா வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள், 2026 கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள். வந்திறங்கும் அட்டையைப் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அரசுத் தளத்தில் அதற்குக் காசு கிடையாது, காசு கேட்கிற தளம் வேறு யாருடையதோ. ஐந்து பேருக்கும் தனித்தனி. டிக்கெட் போடுகிற அன்று விதி அப்படியே இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவைக் கடலுக்கு எங்கே முதலில் கூட்டிப் போவது என்றால், சேனாங் வேண்டாம், சத்தமும் கூட்டமும். வடக்கே தஞ்சோங் ரூ என்று ஒரு கரை இருக்கிறது. தஞ்சோங் என்றால் முனை, ரூ என்றால் சவுக்கு. பெயருக்கேற்ற மாதிரி சவுக்கு மரங்கள்தான், நாகூர்ப் பக்கம் பார்த்த மாதிரியே இருக்கும். இரண்டாம் நாள் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் ஒரு பாய் எடுத்துக்கொண்டு போய் அந்த நிழலில் உட்காருங்கள். தண்ணீர் வற்றினால் நடுவில் மணல்திட்டு எழும்பும், பிள்ளைகள் ஓடுவார்கள். அம்மா நிழலைவிட்டு எழுந்திருக்காவிட்டால் விடுங்கள், "வாம்மா, ஒண்ணும் ஆகாது" என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அவருக்கு அறை எடுக்கும்போதும் கடல் தெரிகிற அறை வேண்டுமா, தெரியாத அறை வேண்டுமா என்று அவரையே கேளுங்கள். ஏஜென்ட் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு கடலைப் பார்த்த அறையாகத்தான் போட்டிருப்பார்.

அதோடு, வரவே விருப்பமா என்றும் கேட்டீர்களா? எழுதியதில் அது இல்லை. கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். தேதி முடிவானதும் இங்கேயே எழுதுங்கள், அந்த வாரத்து ஏற்ற வற்றக் கணக்கைப் பார்த்து, கிலிமுக்கு எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று சொல்கிறேன்.